கம்பளி அடி

பதினோரு பருவம் அந்த பூட்ஸில்தான் நின்றேன்.
விரற்கனத்துக்கு அழுத்திய கம்பளி,
பாசிக் கல்லைக் கன்றின் நாக்கு மாதிரி பற்றும்.
இடுப்பளவு ஓட்டத்தில்
ஒரு காலை எடுத்து மறு காலை ஊன்றும் இடைவெளியில்
ஆறு என்னை நம்பியது,
அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

இப்போது சட்டம்.
கம்பளி அடியோடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.
பாலத்துக் கம்பத்தில் அறிவிப்பு,
கீழே சோப்புத் தண்ணீர்த் தொட்டி,
திருடு போகாதிருக்கச் சங்கிலியில் கட்டிய பிரஷ்.

கஹுரங்கி என் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள்.
காவல் சட்டை, மழையில் கனத்த பின்னல்.
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
செவ்வாய்க்கிழமை நான் நின்ற கில்லன் ஆறு
வெள்ளிக்கிழமை அவள் நகக்கண்ணில் கசிந்தது.
"ஒரு சொட்டு போதும், மோராக்" என்றாள்,
அபராதச் சீட்டை எடுக்காமலே.
எடுத்திருக்கலாம்.

சொட்டில் ஓர் உயிரணு.
கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று
இரண்டாகும், காம்பு விடும்,
காம்புகள் பின்னிக் கல்லை மூடும்.
டிடிமோ என்று பெயர்.
சௌத்லண்ட் வாயில் பாறைச் சளி.
சளி என்றவன் தொட்டிருக்க மாட்டான்.
அது வழுக்காது.
ஈரக் கம்பளி போலிருக்கும்.

நான் தொட்டேன்.
சட்டத்துக்கு முந்தைய மார்ச், ஆர்ட்லி ஓடை, மூன்றாம் வளைவு.
கல்லை எடுக்கக் குனிந்தால்
பழுப்புத் துணியொன்று கையோடு வந்தது.
அடியில் ஊர வேண்டிய பூச்சிகள் இல்லை.
நீரோட்டத்தில் வெள்ளை வால்கள் அலைந்தன.
"இங்கே கழிவறைக் காகிதத்தையா வீசுகிறார்கள்?"
நார்வேயிலிருந்து வந்திருந்த ஹால்வர்ட் கேட்டார்,
ஒரு நாளுக்கு அறுநூறு டாலர் தந்தவர்.
வழிகாட்டியாகிய நான்
தூண்டில் நூலில் இல்லாத சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் கில்லனில் நின்றேன்.
மறுநாள் இங்கே.
இரண்டு இரவு வெயிலைக் கேட்கும் கம்பளிக்கு
நான் கொடுத்தது வண்டியின் பின்பெட்டி.
நான்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.
நானில்லை என்று
என்னாலும் முடியாது.

மன்றத்துக் கூட்டத்தில் ஃபெர்கஸ் டல்லக் எழுந்தார்:
"ரப்பர் அடியில் வழுக்கி எவன் செத்தால் பொறுப்பு யார்?
வாத்து என்ன, கால் கழுவிவிட்டா இறங்குகிறது?
வாத்துக்கும் சீட்டு எழுதுவீர்களா?"
சிரிப்பு. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
பின்வரிசையிலிருந்து கஹுரங்கி:
"வாத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
டிரவுட்டும் கப்பலில் வந்ததுதான்,
ஈரப் பாசியில் பொதிந்த முட்டையாக, ஐஸ் வைத்து.
அதற்கு முன் இந்த ஓடையில் வேறு மீன் இருந்தது.
அதற்காக இந்த அறையில் ஒரு கூட்டமும் நடந்ததில்லை."
தேநீர்க் கொதிகலன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
என் கொள்ளுப்பாட்டனும் கப்பலில் வந்தவர் என்பது
ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

வீட்டில், பூட்ஸை மூன்று நாள்
உறைபெட்டியில் பட்டாணிக்கும் மான்கறிக்கும் நடுவே வைத்தேன்.
குளிரில் அது சாகுமாம்.
பிறகு கத்தியால் அடியை உரித்தேன்.
ஒட்டுப்பசை விடவில்லை, பதினோரு வருஷத்துப் பிடிவாதம்.
வெட்டிய துண்டுகளைச்
சமையலறை நாற்காலிகளின் கால்களுக்கு ஒட்டினேன்.
எட்டுக் கால்களுக்குச் சரியாக இருந்தது.
இப்போது யார் எழுந்தாலும் சத்தமில்லை.
கல்லம் இரண்டு தடவை என் பின்னால் வந்து நின்று
என்னைத் திடுக்கிட வைத்துவிட்டான்.

புது அடி ரப்பர், இரும்புக் குமிழ்கள்.
முதல் வாரமே விழுந்தேன். மணிக்கட்டில் நீலம்.
நடந்தால் கல் கிறீச்சிடும்,
குளத்தின் மறுகோடி வரை கேட்கும்,
நிழலில் நின்ற மீன் நழுவிப்போகும்.

முன்பெல்லாம் நான் வருவது
ஆற்றில் யாருக்கும் தெரியாது.