கையில் இரண்டு

இருநூற்று அறுபது லரி.
சமையல் மேசையில் நோட்டுகளைப் பரப்பி
கெட்டிலைப் பாரமாய் வைத்து
மறுபடி எண்ணினேன். இருநூற்று அறுபதுதான்.
குடாயிசி பஸ் நிலையத்தில்
பதினெட்டு வருஷமாய் டிக்கெட் கிழிப்பவள் நான்,
எண்ணிக்கை தப்பாது.
தப்பினால் தேவலை என்று தோன்றியது
அன்று ஒருநாள்தான்.

மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதினேன்:
பெயின்ட் இரண்டு வாளி, தொண்ணூற்றாறு.
ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி, இருபத்தைந்து.
சுவிட்சும் வயரும், முப்பத்தெட்டு
(பழைய வயருக்குத் துணிதான் சட்டை,
தொட்டால் உதிர்கிறது).
பலகைத் தரையை இழைக்கும் மெஷின், நாள் வாடகை நாற்பது.
திரைச்சீலை, கிலோ கணக்கில் பழந்துணி விற்கும் கடையில், பதினாலு.
மெத்தை, நூற்றெண்பது.
ஒருவர் படுக்கும் மெத்தை. அதை எழுதும்போது
பேனா நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

ரெவாஸ் இப்போது போலந்தில் லாரி ஓட்டுகிறான்,
வேறொரு சமையலறையில் சூப் குடிக்கிறான்.
இரட்டைக் கட்டில் மட்டும் இங்கேயே நின்றது,
அறையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு,
கதவைப் பாதிக்கு மேல் திறக்கவிடாமல்.
செஸ்டபோனியிலிருந்து அம்ப்ரோசி என்றொருவர் வந்தார்.
தலைமாட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.
தொண்ணூறு தருகிறேன் என்றார்,
கோழிக்கூட்டுக்கு நல்ல மரம்.
நான் பேரம் பேசவில்லை.
கோழிகள் யார் எந்தப் பக்கம் என்று கேட்காது.

இழைக்கும் மெஷினை அடித்தேன்.
கீழ்வீட்டு ஜுஜுனாவிடம் உப்புத்தாள் மிச்சம் இருந்தது,
என்னிடம் முழங்கால் இரண்டு.
ஏணியும் அவளுடையதுதான், வாடகை
ஒரு ஜாடி ப்ளம் சாஸ், பூண்டு கூடுதலாய்.

சனிக்கிழமை சுவர்த்தாளைக் கிழித்தேன்.
பழுப்பு ரோஜாக்கள். அதன் கீழ் தங்கக் கோடுகள்.
அதன் கீழ் ஏதோ நீலம், எந்தக் காலத்துத் துணிச்சலோ.
அதன் கீழ் செய்தித்தாள்:
டிராக்டர் மேல் ஒருத்தி, கன்னமெல்லாம் பசை,
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவளையும் வெந்நீர் தொட்டு உரித்த பிறகு
காரை. காரையில் பென்சில்.

தாள் 11.40
பசை 2.30
ஆணி 0.85
சாயம் 6.70
கீழே கோடு. கோட்டின் கீழ் 20.25.

ரூபிள் காலம். என் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில்,
தோள் உயரத்தில், நின்றபடி எழுதிய கூட்டல்.
ஏணியில் இருந்தபடியே கூட்டினேன், பழக்கதோஷம்.
கோபெக்குகள் இருநூற்று இருபத்தைந்து.
இருபத்தைந்தை எழுதி, கையில் இரண்டு.
எழுதியவர் கையில் ஒன்றைத்தான் வைத்திருந்தார்.
இருபத்தொன்று வரவேண்டியது
இருபதாய் நிற்கிறது இத்தனை வருஷமும்.

கடைக்குப் போய்
பசைக்காரியிடமோ ஆணிக்காரனிடமோ
ஒரு ரூபிள் குறைந்து நின்றிருப்பார்.
எதை விட்டுவிட்டு வந்தார்?
ஆணியாய் இருக்கலாம். மூலையில் தாள் எப்போதும்
தளர்ந்துதான் தொங்கியது.

திங்கள் மாலைக்குள் மூன்று சுவர் முடிந்தது.
நான்காவதில் இரண்டு கை அகலம் விட்டுவிட்டேன்.
பெயின்ட் மிச்சம் என்று ஜுஜுனாவிடம் சொன்னேன்.
அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.
தப்பாக் கூட்டியிருக்கிறார்கள் என்றாள்.
தெரியும் என்றேன்.
திருத்தேன், கையில்தான் பென்சில் இருக்கிறதே.

இல்லை, அது அவர் கணக்கு.
அடியில் என்னுடையதை எழுதினேன், முழுசாய்,
கட்டில் விற்ற தொண்ணூறோடு.
எனக்கும் மூன்று லரி குறைகிறது.
திரைச்சீலையில் கால் கிலோ குறைத்து வாங்கினால் சரிப்படும்,
ஜன்னலின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தெரியும், தெரியட்டும்.

கதவு இப்போது முழுக்கத் திறக்கிறது.
நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தேன்.
ஐந்தாம் முறை கீழிருந்து ஜுஜுனா கத்தினாள்,
ஏணி எங்கே?