எந்தக் கரையின் மேசை

வின்சரிலிருந்து வடக்கே போனால் அமெரிக்கா.
யாரும் நம்புவதில்லை, படம் கீறிக் காட்டினாலும்.
ஆற்றுக்கு அடியில் சுரங்கம், கடவுச்சீட்டு,
தூக்கக் கலக்கத்தில் இரண்டு கேள்வி,
பிறகு டிட்ராயிட்டில் என் இரவு வேலை:
சிறுநீரகப் பிரிவு. பதினாறு கட்டில், மூன்று தாதியர்.

நாலாவது ஆள் வேண்டுமென்று மனு எழுதினோம்.
மரிசெல் கையெழுத்திட்டாள், டெலோரிஸ் இட்டாள்,
நான் திகதி போட்டேன்.
பிரனிகன் வாசித்து, கண்ணாடியைக் கழற்றி,
"இதை டேபிள் பண்ணுவோம்" என்றார்.

எனக்கு ஒரே புளுகம்.
நான் ஒன்ராறியோவில் படித்த ஆங்கிலத்தில்
டேபிள் பண்ணினால் மேசைக்கு வந்துவிட்டது,
எல்லோரும் பார்க்கிற நடுவுக்கு.
விடியற்காலை எல்லோருக்கும் டோனட் வாங்கினேன்,
மரிசெல்லுக்கு இரண்டு.

மார்ச் போனது. ஏப்ரலில் மரிசெல்லின் முதுகு போனது.
மேயில் கேட்டேன்.
டெலோரிஸ் சிரித்தாள், இரக்கத்தோடுதான்:
"இங்கே டேபிள் என்றால்
கிடப்பில் போட்டாச்சு, கண்ணே."

அகராதியைத் திறந்தேன்.
லத்தீனில் தபுலா, பலகை.
அதில் எழுதலாம், கடன்கணக்கு வைக்கலாம்.
அதே பலகைதான்.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் வைத்தால் பேசுவார்கள்,
அந்தப் பக்கம் வைத்தால்
மேலே துணியை விரித்துவிடுவார்கள்.

மேசையும் நம்முடையதில்லை,
போர்த்துக்கீசக் கப்பலில் வந்து இறங்கியது,
அதுவும் லத்தீன் வீட்டுப் பிள்ளைதானாம்.
ஆனால் வினை நம்முடையது. வை.
முன்வை, தள்ளிவை, ஒத்திவை.
எந்தப் பக்கம் என்று
முன்னால் ஒரு சொல் நின்று சொல்லிவிடும்.
பிரனிகனின் சொல்லுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.
அன்றைக்குச் சுரங்கத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு,
அவரை வைதேன்.
ஒரு ஒற்று விழுந்தால்
வைத்ததும் வைததாகிவிடுகிறது.

வீட்டில் சமையலறை மேசையில்
குகதாசன் வைத்த கடித உறை.
வீடு விற்கிற பத்திரம்.
நான் ஒப்பமிட வேண்டிய இடத்தில்
மஞ்சள் ஒட்டுத்தாள்.
வியாழனிலிருந்து கிடக்கிறது.
உப்புப் போத்தலை அதன்மேல் வைத்திருக்கிறார், பறக்காமல்.
பாணும் சம்பலும் அதைச் சுற்றி வைத்துச்
சாப்பிடுகிறோம்.
உப்பு வேண்டுமா என்று கேட்கிறார்.
எடுத்தால் உறை தெரியும்.

வேண்டாம் என்றேன்.
எந்தக் கரையின் சொல்லில் வைத்தீர்கள் என்று
நானும் கேட்கவில்லை.