வாளிக்காரி

பிப்ரவரி. ராவுசு துறைமுகம்.
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
பைகளைப் படகில் ஏற்றுவது என் வேலை.
ஆகவே அந்தக் கேள்விக்கு
முதல் விடை என் தோளுக்குத்தான் தெரியும்:
இசொகாய் ஐயாவின் பை ஒன்பது கிலோ,
நுகாகா அம்மாவின் பை ஐந்து.

ஃபுல் ஃபிரேம் என்று அவர் சொல்லும்போது
குடும்பப் பெயரைச் சொல்வது போலிருக்கும்.
குஷிரோவில் முப்பது வருடம்
வங்கிக் கிளையொன்றைத் திறந்து பூட்டியவர்.
கிராப் சென்சார் அவருக்கு
ஓரம் கிழிந்த யென் தாள்:
செல்லும், ஆனால் அவர் வாங்க மாட்டார்.

அம்மா ஒபிஹிரோவில் பள்ளி நர்ஸ்.
"கழுகு நடுவில்தானே பறக்கிறது,
ஓரத்துக்கு எதற்குக் காசு?" என்பார்.
இருவரிடமும் ஒரே நானூறு எம்எம் லென்ஸ்.
அவருடையதில் நானூறாகவே நிற்கும்;
அம்மாவுடையதில் அறுநூறு போல
ஒரு எட்டு முன்னால் வரும்.

பந்தயம் நண்டு சூப்.
தோற்றவர் வாங்கித் தர வேண்டும்.

மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே
கேப்டன் எஞ்சினை அணைத்தார்.
குனஷிரித் தீவுக்குப் பின்னால் வெறும் நீலம்.
அந்த இருட்டில் எடுத்த முதல் படங்களில்
அம்மாவின் வானம் ரவை கொட்டியது போல;
ஐயாவின் வானம் துடைத்த கண்ணாடி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை எல்லோருக்கும் கேட்கும்படி
இருமிக்கொண்டார்.

பிறகு சூரியன்.
பிறகு நான்.
நீல வாளியிலிருந்து உறைந்த மீனொன்றை எடுத்து
பனிமேல் வீசினேன்.
ஓவாஷிக் கழுகு இறங்கியது,
மஞ்சள் அலகு, மஞ்சள் கால்,
கதவு இரண்டைக் கழற்றி மாட்டியது போல் சிறகுகள்.
தோளோடு தோள் உரச
இரண்டு கேமராக்களும் ஒரே நொடியில் பொரிந்தன.

கேபினுக்குள், லேப்டாப்பில்:
அம்மாவின் படம் முழுக்கக் கழுகு.
விரிந்த நகங்கள், கீழே பனி, வேறு யாருமில்லை.
உலகத்தின் முதல் காலை போல.

ஐயாவின் படத்தில்
அதே கழுகு, கொஞ்சம் சின்னதாக.
இறகின் கறுப்புக்குள்ளும் கறுப்பு தெரிகிறது.
செம்மை தொட்ட பனி, தீவின் முதுகு,
அப்புறம் இடது ஓரத்தில்
ஆரஞ்சு ரப்பர் கையுறை,
ஒரு முழங்கை, பாதி வாளி,
விரலை விட்டு அப்போதுதான் கிளம்பிய மீன்.

"அடடா."
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
"ஃபுயுமி, தப்பாக நினைக்காதே."
"கைதானே, வெட்டிக்கொள்ளுங்கள்" என்றேன்.

கோட்டை இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.
வாளி போயிற்று, முழங்கை போயிற்று,
தீவு பாதி போயிற்று.
இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகளில்
ஒரு கோடிச் சொச்சம் மிஞ்சியபோது
இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில்
ஒரே அளவில் நின்றன.
அவருடையதில் ரவை இல்லை. அது உண்மை.
பைக்குள் இன்னொரு நாலு கிலோ இருந்தது.
அதுவும் உண்மை.

அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
"வெட்டுவதற்கு முன் இருந்ததை
இன்னொரு தடவை காட்டுங்கள்" என்றார்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
பதினோரு குளிர்காலமாக வீசுகிற கை,
அதன் பறத்தலை அன்றுதான் கண்டேன்.

சூப்புக்குக் காசு கொடுத்தது கேப்டன்.
இருவரும் அடுத்த வருடமும் வர வேண்டுமே.

மறுநாள் அதே நீலம், அதே வாளி.
ஐயா தன் இடத்தில் கழுகைக் குறிபார்த்து நின்றார்.
அம்மா மட்டும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல்
ஓரடி பின்னால் வைத்தார், இன்னோரடி,
கயிற்றுச் சுருளைக் காலால் தடவித் தாண்டி
மூன்றாவது அடி.
"ஃபுயுமி, இன்னும் முழங்கை வரவில்லை,
கொஞ்சம் பொறு" என்றார்.

முதுகு கேபின் சுவரில் முட்டியது.
படகு அவ்வளவுதான்.

என் கையில் மீன் உருகத் தொடங்கியிருந்தது.