கால்வாய்க் கிலோமீட்டர்

முதல் கிழமை
அறுபது விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை.
அறுபதாவது விநாடியில்
என் நெஞ்சுக்குள் யாரோ சட்டி கழுவினார்கள்.
நாயோடு வந்த முதியவர்
ஒதுங்கி நின்று வழிவிட்டார்.
நான் வந்து சேரும்வரை நின்றார்,
பாவம், நாய்க்கு அலுத்துவிட்டது.

வயது நாற்பத்து நான்கு.
ஹம் நகரத்துப் பல் ஆய்வுகூடத்தில்
அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறேன்,
நாள் முழுதும் கதிரையில்.
கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில், நானூறு மீட்டர்,
மூன்றாம் இடம்.
ஓடியவர்கள் நான்கு பேர்.

ஏனென்று கேட்கிறார்கள்.
மருத்துவர் சொல்லவில்லை. யாரும் சாகவில்லை.
ஜனவரியில் ஒரு மாலை ரயிலைத் தவறவிட்டேன்;
மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பையன்
எனக்காக முகத்தைக் கொஞ்சம் சுருக்கினான்.
அந்த முகம்தான்.

கால்வாயோரம் கிலோமீட்டருக்கொரு பலகை,
கப்பல்காரருக்காக நட்டது.
நான் இரவல் எடுத்துக்கொண்டேன்.
நாற்பத்திரண்டு என்று ஒன்று இருக்கிறது,
முதல் மாதமே காரில் போய்த் தொட்டுப் பார்த்தேன்.
துருப்பிடித்த கம்பி. பக்கத்தில் முட்செடி.

ஏப்ரலில் முழங்கால் கதைக்கத் தொடங்கியது,
முதலில் மரியாதையாக.
மே மாதம் பெருவிரல் நகம்
கத்தரிக்காய் நிறமாகி
ஒரு புதன்கிழமை காலுறைக்குள் கழன்றது.
பல்லென்றால் ஒட்டியிருப்பேன்.
குணாளன் குளிர்பெட்டிக் கதவில்
என் அட்டவணைக்கு மேலே
மின்சாரக் கட்டணத்தை ஒட்டிவைத்தார்,
வெளிப்படையாக எதிர்க்கவில்லை.

செப்டம்பர், முதல் ஞாயிறு:
முப்பத்திரண்டு.
மேற்கே போய்த் திரும்பி, பிறகு கிழக்கே.
இருபதில், அன்னலீசே என்றொரு சரக்குக் கப்பல்
வயிறு நிறைய மணலோடு பக்கத்தில் வந்தது.
சேர்ந்தே போனோம் கொஞ்சத் தூரம்.
பிறகு அதன் மூக்குப் போனது,
மணல் போனது, கொடியில் காய்ந்த தலையணை உறைகள் போயின,
பின்தட்டில் கட்டிவைத்த சிவப்புக் கார்கூடப் போனது.
ஓடாத கார் என்னை முந்தியது.

வெறீஸ் மதகில் பிடித்துவிட்டேன்.
இரண்டு சுவர்களுக்கு நடுவே
அது சும்மா நின்றுகொண்டிருந்தது,
நீர் ஏற ஏற, அவசரமில்லாமல் உயர்ந்தபடி.
ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே
கத்தியை உயர்த்தி வணக்கம் சொன்னாள்.
எனக்கு மூச்சில்லை. தலையாட்டினேன்.

இருபத்தேழில் எல்லாம் முடிந்தது.
கால் என்று ஒன்று இருந்த இடத்தில்
ஈரச் சாக்கு.
மின்நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரமும்
அம்மன் கோயில் கோபுரமும்
ஒரே பார்வைக்குள் நின்றன.
நான் வேண்டியது ஒரு தண்ணீர்க்குழாய்.
அது கோயிலில் இருந்தது.
சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது,
கழற்றினால் இன்று மறுபடி போட முடியாது.
வாசலுக்கு வெளியே கால் கழுவும் குழாயில்
குனிந்து குடித்தேன்.
பட்டுச் சேலையோடு வந்த ஒருத்தி கேட்டாள்,
‘நேர்த்திக்கடனோ, அக்கா?’
‘ஓம்’ என்றேன்.
விளக்கம் சொல்ல மூச்சு மிச்சமில்லை.
அதோடு, பொய்யென்றும் தோன்றவில்லை.

திரும்பி நடந்தேன். அடுத்த பலகையிலிருந்து
அதை ஓட்டம் என்று சொல்லலாம், பார்ப்பவர் நல்லவரென்றால்.
நாற்பத்திரண்டைக் கடந்தேன்.
தொடவில்லை.

மதகருகே இரும்புக் கட்டையில் குந்தியிருந்தேன்.
மிதுஷா கார் கொண்டுவந்தாள்.
உடம்பு ஏறியது, கால்கள் ஏறவில்லை.
இரண்டு பொதிகளைப் போல
ஒவ்வொன்றாய்க் கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.
சிரிக்கக்கூடாதென்று கண்ணாடியைத் துடைத்தவள் கேட்டாள்:
‘அடுத்த ஞாயிறும் இப்படியோ?’
‘இல்லையடி, இருபதுதான்,’ என்றேன்,
ஏதோ விடுமுறைக்குப் போகிறவள் மாதிரி.