ஜப்பான் எழுச்சி

நவாதா,
எங்கள் ஸ்டுடியோவில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது.
டவுன்ஹால் ரோட்டில், லாட்ஜுக்கும் பெல்ட் கடைக்கும் நடுவே
படியேறினால் இரண்டு கணினி, ஒரு ஏசி,
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
ஹார்ட் டிஸ்க்கில் உங்களை இப்படித்தான்
சேமித்து வைத்திருக்கிறார் அமலதாஸ் அண்ணன்:
ஜப்பான் எழுச்சி 1
ஜப்பான் எழுச்சி 2
ஜப்பான் சோகம்
ஜப்பான் சோகம், குழல் இல்லாதது.

எழுச்சி 2 தாய்மாமன் சீருக்கு.
செக்கானூரணியில் டாடா ஏஸிலிருந்து
ஒரு மாமன் காலை இறக்கும்போது
உங்கள் கிட்டார் சரியாக அங்கே உறுமும்.
பின்னால் நூற்றியொரு தட்டு, வெடி, மாலை போட்ட கிடாய்.
கிடாய் திரும்பிப் பார்ப்பதை ஸ்லோமோஷனில் விட்டால்
பார்ட்டி கூட ஐநூறு தரும்.

அது ஓர் இயந்திர மனிதன் சாகிற காட்சிக்கு
நீங்கள் போட்டது என்று
ஒரு ராத்திரி ரெண்டரிங் ஓடும்போது கண்டுபிடித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சீசன் நேரம்.

பிறகு உங்களைத் தேடித் தேடிப் படித்தேன்.
நகோயாவில் ஓர் அடித்தள அறை, நான்கு பேர்,
புருவத்தை மழித்துக்கொண்ட பாடகன்.
மூன்றாவது ஆல்பம் தொள்ளாயிரம்கூட விற்கவில்லை.
டிரம்ஸ்காரர் மாமனாரின் டயர் கடைக்குப் போய்விட்டார்.
அப்போதுதான் ஒருவர் கேட்டார்,
கார்ட்டூனுக்கு நாற்பது வினாடி இசை, வியாழனுக்குள் வேண்டும்.
கூச்சத்தில் வேறு பெயர் போட்டுக் கொடுத்தீர்களாம்.
அந்த நாற்பது வினாடி
முப்பத்தோரு படமாயிற்று, எட்டு வீடியோ கேமாயிற்று,
ஒரு நூடுல்ஸ் விளம்பரமும்.
மேடையில் உங்கள் முகத்துக்கு நேரே கத்தியவர்கள்
தியேட்டர் இருட்டில் உங்களுக்கு அழுதுவிட்டு
பெயர் ஓடும் முன் எழுந்து போனார்கள்.
எனக்குத் தெரியும் அந்த எழுந்து போவது.
எடிட்டிங் என்று என் பெயர் வருவதற்குள்
யாராவது ரிமோட்டை எடுத்துவிடுவார்கள்.

ஒரு பேட்டியில் சொன்னீர்கள்:
ஆம்ப்ளிஃபயர் எப்போதும் என் இடப்பக்கம் நின்றது,
இப்போது இடக்காதில் யாரும் குடியில்லை,
வீடு மட்டும் இருக்கிறது.
சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.
பேட்டி எடுத்தவர் சிரிக்கவில்லை.

போன வைகாசியில் ஒரு மேலூர் சீரை
யூடியூபில் ஏற்றினோம்.
இசைக்குச் சொந்தக்காரர் வேறு என்று ஏதோ ஓர் இயந்திரம் மோப்பம் பிடித்து
பதினோரு நிமிஷத்துக்கும் வாயைக் கட்டிவிட்டது.
சிங்கப்பூரிலிருந்து பெண்ணின் அண்ணன் போனில்,
அக்கா, மாமா நடந்து வர்றாரு, சத்தமே இல்லக்கா,
எழவு வீடு மாதிரி இருக்கு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழுசாகப் பார்த்தேன்.
நானே வெட்டி நானே ஒட்டிய பதினோரு நிமிஷம்.
இப்போதுதான் தெரிகிறது,
மாமனின் வலது செருப்பு வார் அறுந்து
ஊக்கு குத்தியிருக்கிறது.
அவர் மெதுவாக நடந்தது கெத்துக்கு இல்லை.
ஒன்பதாவது தட்டுக்காரி
யாரையோ திட்டிக்கொண்டே வருகிறாள்.
வெடிக்குக் காதைப் பொத்திய ஒரு பையன்
வெடி முடிந்தும் கையை எடுக்கவே இல்லை.

உங்கள் இடக்காது இப்படித்தான் இருக்குமா, நவாதா?
இவ்வளவு கூட்டமாகவா?

நாற்பது வினாடி நானே போட்டேன்.
பழசாய் வாங்கிய, ஐந்தாம் கம்பி இல்லாத கிட்டார்.
வாளியில் ஏசி சொட்டுவது.
பெல்ட் கடைக்காரர் ஷட்டரை இழுப்பதைத் தலைகீழாக ஓட்டி அது.
ஊக்குச் செருப்பின் நடைக்கு அளந்து வைத்தேன்,
ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை.
கிடாய் திரும்பும் இடத்தில்
ஒன்றுமே வைக்கவில்லை.

அந்த மாமனே நேரில் வந்தார்.
இரண்டு தடவை பார்த்தார்.
குனிந்து தன் காலையும் பார்த்தார், வேறு செருப்பு.
நல்லாத்தான் இருக்கு தாயி, ஆனா
அந்தப் பழைய மியூசிக்ல நான் கொஞ்சம் உசரமா இருந்தேன்ல?

பென் டிரைவில் உங்களையே போட்டுக் கொடுத்தேன்.
யூடியூபில் இருப்பது என்னுடையது.
நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்,
பெரும்பாலும் மேலூர்.
ஹார்ட் டிஸ்க்கில் அதற்கும்
அண்ணன் பெயர் வைத்துவிட்டார்:
ஜப்பான் எழுச்சி 3.