சிரமத்துக்கு வருந்துகிறோம்

முதல் வாரமே வெண்பலகையில் ஒரு படம்:
அனுப்புநர், ஓர் அம்பு, பெறுநர்.
அம்பை நடுவில் உலுக்கும் கோணல்மாணல் கோட்டுக்கு
இரைச்சல் என்று பெயர்.
தேர்வில் அதற்குப் பத்து மதிப்பெண். எனக்கு ஏழு.

செத்தாப்பாக்கில் மூன்று வருடம்,
இன்னும் கட்டி முடியாத பிடிபிடிஎன் கடன்.
மகள் கம்யூனிகேஷன் படிக்கிறாள் என்று
அப்பா லோரி நண்பர்களிடம் சொன்னால்
போன் கம்பெனியா என்பார்கள்.
இரண்டாம் வருடத்திலிருந்து
ஆமாம் என்றே சொல்லிவிடுவார்.

சேர்ந்து படித்தவர்களில்
புவனேஸ் விடியலில் வானொலியில்
கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலை
நல்ல செய்திபோல் வாசிக்கிறான்.
ஹுய் ஷின் ஷாம்புவுக்கு வாக்கியம் எழுதி
சம்பளத்தில் என்னை இரண்டு மடங்கு தாண்டிவிட்டாள்.
திவ்யஷினி வங்சா மாஜுவில் கல்யாண வீடியோ எடுக்கிறாள்.
தாலி கட்டும் நொடியில் மட்டும்
தனக்கும் கண் கலங்குகிறதாம், ஒவ்வொரு முறையும்.

நான் தண்ணீர் கம்பெனியின் ஊடகப் பிரிவு.

நேற்றிரவு ஒன்று நாற்பதுக்குக் குழாய் வெடித்தது.
இரண்டு மணிக்கு எனக்குக் கைப்பேசி அடித்தது.
மூன்று மொழியில் அறிக்கை, ஐந்துக்குள்.
மன்னிப்பு என்று தொடங்கியிருந்தேன்.
வக்கீல் அடித்தார்:
மன்னிப்பென்றால் தப்பு நம்முடையதாகிவிடும்,
வருத்தம் போதும்.
எப்போது சரியாகும் என்ற வரியையும் அடித்தார்.
மலாய் பார்த்தார்கள், ஆங்கிலம் பார்த்தார்கள்.
தமிழைப் பார்க்க ஆளில்லை.
அங்கே மட்டும்
மன்னியுங்கள் என்றே விட்டுவைத்தேன்.

காலை ஒன்பதுக்கு செந்தூல் அடுக்குமாடி.
மின்தூக்கிக் கதவில் என் அறிக்கை,
நான்கு மூலையிலும் செலோடேப்.
மின்தூக்கி ஓடவில்லை.
படியடியில் காலி வாளியோடு நின்ற கோமளா அக்கா
அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.
"தண்ணி எப்பம்மா வரும்?"

சுற்றிலும் பார்த்தேன்.
"வியாழன் ராத்திரி. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான்காம் மாடியில் யாரோ பீப்பாய் உருட்டினார்கள்.
ஏழாம் மாடியில் கமாலியா அக்கா
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
காமிஸ் மாலாம், காமிஸ் மாலாம் என்றார்.
ஒன்பதாம் மாடியில்
மூச்சு வாங்கக் கதவைத் தட்டினால்
அம்மா திறந்த வாக்கில் சொல்கிறாள்:
"வியாழன் ராத்திரிதானாம்டி.
உங்க ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லமாட்டாங்களா?"