வாளி

மூன்றாவது கீமோவுக்குப் பின்
என் வாந்தி வாளியைக் கழுவ வந்தாள் ஹெர்போர்க்,
ஜெபக்கூடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள்.
வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை.
"ஆடுகளை மேட்டிலிருந்து இறக்கியாச்சு,
ஒண்ணு நொண்டுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மீன் சூப்.
டோர்ஸ்ஹாவ்ன் ஆஸ்பத்திரிக்குப் படகில் துணைக்கு ஒருவர்.
நாற்பது வருஷம்
அந்தக் கூடத்தைக் கேலி செய்தவன் நான்.
மறந்துவிட்டார்களோ என்னவோ;
மறக்காமலும் வந்திருக்கலாம்.

ஜனவரியில், கூரையைக் காற்று பிய்த்த ராத்திரி,
ஜெபிக்கச் சொல்லி நானே கேட்டேன்.
ரப்பர் கையுறையோடு தடுமாறினாள்:
"ஆண்டவரே, இவரோட முழங்கால்..."
அவ்வளவுதான்.
வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே மாதம் மேடு ஏறினேன், பாதிவரை.
நொண்டி ஆடு என்னை முந்தியது.
அவள் விட்டுப்போன ஆமென் பாக்கியிருந்தது.
மூச்சு வாங்கச் சொன்னேன்.
ஆடு திரும்பிப் பார்த்தது.